உளவாளிக்கு வாரிசு வேலை

அண்ணே,

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, பெரம்பலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில், அந்த உளவாளிப் படங்களின் புதிய கதாநாயகனை அங்கீகரிப்பது என்று முடிவு செய்யப்பட்டது. கூட்டத்துக்கு நானும் ஆரோக்கியசாமியும் வந்திருந்தோம். மூன்றாவது உறுப்பினரான நீங்கள் போன ஐப்பசியில் காலமாகிவிட்டதால், தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

செய்தி எங்களுக்கு வடை மூலமாக வந்தது. கடைக்காரர் மசால்வடையை மடித்துக் கொடுத்த தாளில் பட விளம்பரம் இருந்தது. பழைய பெயர், பழைய கோட்டு, பழைய துப்பாக்கி. உள்ளே மட்டும் வேறு ஆள். எண்ணெய் ஊறி அவருடைய நெற்றி பளபளத்தது. கதையை முதலிலிருந்து தொடங்குகிறார்கள் என்று அடியில் போட்டிருந்தது. ஆரோக்கியசாமிக்குப் படித்துக் காட்டினேன்.

"முதல்லேருந்துன்னா, இத்தன வருசமா நடந்ததெல்லாம் என்னாவுறது?" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நான் வடையைத் தின்றேன்.

ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் நீங்கள் எலக்ட்ரீஷியன், அவர் வெல்டர். வார விடுமுறையில் இருவரும் பஸ் ஏறி பெரம்பலூருக்குப் படம் பார்க்க வருவீர்கள். உளவாளி அப்போது ஆங்கிலத்தில்தான் பேசுவான். நான் முதல்முறை உங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஆரோக்கியசாமிக்கு, அதாவது அந்த வரிசைக்கே, கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"வில்லன் இவனுக்கு மச்சான். அக்காவக் கட்டுன வகையில. வரப்புத் தகராறு."

திரையில் இருவரும் செயற்கைக்கோளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குனிந்து, பணிவாக, அதைச் சொன்னேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"சார் என்ன வேல பாக்குறீங்க?"

"இங்கிலீஷ் வாத்தியார்."

"அதான் பாத்தேன். லீவு நாள்லயும் வுட மாட்டேங்குறீங்க."

வரிசை சிரித்தது. அடுத்த படத்துக்கு நான் உங்கள் வரிசைக்கே வந்துவிட்டேன்.

உங்கள் கதையில் தலைமை அதிகாரிதான் பெரியப்பா. நடுவில் வந்து காட்டிக்கொடுப்பவள் அத்தை மகள். விசித்திரக் கருவிகள் செய்து தருபவரை மட்டும் உறவு சொல்லாமல், "எலக்ட்ரிகல் செக்‌ஷன்" என்று மரியாதையாகக் குறிப்பிடுவீர்கள். அவர் வரும்போது கதை நின்றுவிடும். நீங்கள் ஒயரிங்கைப் பார்ப்பீர்கள். "எர்த்து குடுக்கவே இல்ல பாரு" என்று ஒருமுறை உண்மையாகவே வருத்தப்பட்டீர்கள். இன்று ஒப்புக்கொள்கிறேன்: உங்கள் கதைதான் நம்பும்படி இருந்தது. உலகத்தை அழிக்க நினைக்கும் மனிதனை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. மச்சானை அழிக்க நினைப்பவர்கள் என் ஊர் விக்கிரமங்கலத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

பிறகு கதாநாயகன் மாறினான். பெயர் அதே, முகம் வேறு. அரங்கம் கூச்சல் போட்டது. நீங்கள் அசரவில்லை.

"பழைய ஆளு ரிட்டையர்டு. இவன் வாரிசு வேலையில சேந்திருக்கான்."

அப்பா போன இடத்தில் மகன் வருவது உங்கள் ஆலையில் வழக்கம். வரிசை அடங்கிவிட்டது. அடுத்தவன் வந்தபோதும் அதே விளக்கம்தான். இரண்டாவது முறை யாரும் கேட்கக்கூட இல்லை.

டப்பிங் வந்தபோதுதான் உங்களுக்காகப் பயந்தேன். உளவாளி சுத்தமான தமிழில் பேசினான். மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குள் சர்க்கரை ஆரோக்கியசாமியின் பார்வையைக் கொண்டுபோயிருந்தது. யார் எந்த மாடியிலிருந்து குதிக்கிறார்கள் என்று நீங்கள்தான் அவர் காதில் சொல்ல வேண்டும். கூடவே மச்சானையும் சொன்னீர்கள். அவர் இரண்டு பக்கமும் கேட்டு, தீர்ப்புச் சொன்னார்: "டப்பிங்காரன் தப்புத்தப்பா பேசுறான்."

நீங்கள் போன பிறகு அவர் படத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டைவிட்டு வெளியே வருவதே அபூர்வம். டீக்கடை முடிவைக்கூட நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டார்.

"ஒரு தடவ வரேன், சார். நீங்க சொல்லுங்க. சரிப்படலன்னா இடைவேளையில கெளம்பிடுவேன். நாலு மணிக்கு அரியலூர் பஸ் இருக்கு. அதுக்கப்பறம் என்னயக் கூப்புடக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. நான் கதையை முன்கூட்டியே படித்துத் தயாராகப் போயிருந்தேன்; ஒரு தவறும் இல்லாமல் சொன்னேன். இவர் உளவுத்துறையில் புதிதாகச் சேர்ந்தவர். மேலதிகாரிக்கு இவர்மேல் நம்பிக்கை இல்லை. ஆரோக்கியசாமி கைத்தடிமேல் இரு கைகளையும் வைத்து, பூசையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தார்.

"யாரோட வாரிசு?"

"யாருக்கும் இல்லை. பழைய கதையெல்லாம் கணக்கில் கிடையாது."

"அப்ப நம்ம ஆளு எடத்துக்கு யாருமே வரலயா?"

இடைவேளையில் அவர் எழுந்தார்.

"பாடம் நல்லாத்தான் நடத்துறீங்க. பஸ்ஸுக்குக் கொண்டாந்து வுட்டுருங்க, சார்."

அவருடைய முழங்கையைப் பிடித்து வரிசையின் முனைவரை வந்தேன். கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்ததால் ஒதுங்கி நின்றோம். விளக்கு அணைந்தது. திரையில் ஹெலிகாப்டரிலிருந்து ஒருவன் இறங்கினான். வெள்ளைக் கோட்டு, கன்னத்தில் தழும்பு. சர்வதேச ஆயுத வியாபாரி என்று டப்பிங் சொன்னது.

"மச்சான் வந்துட்டான்" என்றேன்.

கைத்தடி நின்றது.

"எந்த மச்சான்? பெரியவருதான் போன படத்துலயே செத்துட்டாரே?"

"இது அவரோட தம்பி. வரப்பு இன்னும் அளந்தபாடில்லை."

"அப்ப இந்தப் பய?"

"வாரிசுதான். புரொபேஷன்ல இருக்கான். அதான் ஆபீஸ்ல ஒருத்தரும் நம்பல."

"அப்புடிச் சொல்லுங்க. மொதல்லயே சொல்றதுக்கென்ன?" அவர் இருக்கையைக் கையால் தேடினார். "பெரியப்பா என்ன சொல்றாரு?"

பெரியப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை வருடம் கேட்டது. சொன்னேன்.

நாலு மணி அரியலூர் பஸ் நாலு மணிக்குக் கிளம்பிப் போனது.