அப்பா பொட்டு வைத்த மீன்தொட்டி

பீளமேடு, கோவை
12.10.2025, ஞாயிறு

என் கண்ணு வேந்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பு மட்டில் நலம், மனசு மட்டில் நான் பத்து நாளாக ஒரு நிலையில் இல்லை. நீ அங்கே இரண்டிலும் நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் சொல்ல வேண்டியதோ அவரைப் பற்றி. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போனில்தான் அவர் செய்தி படிக்கிறார். எதிர்வீட்டு மிதுன் செவ்வாய்க்கிழமை கனடா கிளம்புகிறான், அவனிடம் உனக்குத் தீபாவளிப் பலகாரம் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கு டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். முறுக்கைச் சாப்பிட்டுவிட்டுப் படி, படித்துவிட்டுச் சாப்பிட்டால் உனக்கு இறங்காது.

நான் கடல்மீன் தொட்டி வைத்திருப்பது உனக்குத் தெரியும், வீடியோவில் காட்டியிருக்கிறேன். அதை வைக்க நான் எவ்வளவு குழம்பினேன் என்பது உனக்குத் தெரியாது. கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் இருபத்தெட்டு வருஷம் பியூரெட் கழுவியவள், சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்த்துப் பழகியவள், ஒரு கண்ணாடித் தொட்டி என்னை என்ன செய்துவிடும் என்று துணிந்துவிட்டேன். ரிட்டயர் ஆனதும் மற்றவர்கள் காசி போகிறார்கள், நான் உக்கடம் போனேன். அங்கே அஃப்தாப் என்று ஒரு தம்பி தொட்டியில் வளர்க்கும் கடல்மீனுக்குக் கடை வைத்திருக்கிறான், தங்கமான பிள்ளை. ஆனால் அவன் ஒன்று சொல்வான், யூடியூபில் ஒருத்தர் வேறு சொல்வார், மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் இரண்டையும் தப்பு என்பார்கள். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்று என்று ஒருத்தர், மாற்றவே மாற்றாதே என்று ஒருத்தர். குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள். அதைக் கேட்டு அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, சிறுவாணித் தண்ணி ஆகாதுன்னு சொல்ற மீன் நம்ம ஊட்டுக்கே வேண்டாமுங்கறேன் என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கத்தினார்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றி, மணல் போட்டு, கல் அடுக்கி, மோட்டார் போட்டு, ஆறு வாரம் ஒரு மீனும் விடாமல் சும்மா ஓடவிட வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் அந்தக் கல்லில் குடியேற வேண்டும், அதுதான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும், அது வளருமுன் மீனை விட்டால் மீன் தன் கழிவிலேயே செத்துவிடும். இது எனக்குப் புரிந்தது, வீட்டுக்கு வந்தவர்களுக்குப் புரியவைக்கத்தான் முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கோவிந்தராஜுலு அண்ணன் வந்து பத்து நிமிஷம் குனிந்து தேடிவிட்டு, ஏனுங்க அம்மணி, மீன் எங்கீங்க என்று கேட்டார். இன்னும் வரலைங்க என்றேன். டிக்கெட் கெடைக்கலீங்களா என்றார். மூன்றாவது வாரம் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் வந்தது, நான் பயந்துபோய்த் தினமும் துடைத்தேன், துடைக்கத் துடைக்க வந்தது. அஃப்தாப், அது தானா வரும் தானா போயிருமுங்க அக்கா, நீங்க கையைக் கட்டிட்டுச் சும்மா இருங்க என்றான். சும்மா இருந்தேன், போய்விட்டது. ஏன் வந்தது, ஏன் போனது என்று இன்றுவரை எனக்கு முழுசாகத் தெரியாது.

இன்னொரு கூத்து கேள். தொட்டியில் தினமும் ஒரு விரல் அளவு தண்ணீர் வற்றும். உப்புத் தண்ணீர்தானே குறைகிறது என்று நானும் தினமும் உப்புத் தண்ணீரையே ஊற்றிவந்தேன். இரண்டு வாரம் கழித்து உப்பளக்கும் கருவியில் பார்த்தால் உப்பு எங்கேயோ ஏறிப்போயிருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் கிடக்கும், வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது லேபிலேயே காலம் தள்ளியவளுக்குத் தெரியவில்லை. நல்லவேளை அப்போது மீன் இல்லை. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஆகஸ்டு கடைசியில் அஃப்தாப் ஒரு ஜோடி மீன் கொடுத்தான், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. கூடவே பொத்தான் பவளம் என்று ஒரு சின்னக் கொத்து, வெளிச்சம் பட்டால் வட்ட வட்டமாக விரியும், விளக்கை அணைத்தால் மூடிக்கொள்ளும். கல்லாக வளரும் பவளமும் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டேன், அது சட்டப்படி ஆகாதுங்க அக்கா, ரெண்டு பேருமே உள்ள போயிருவோம் என்று சிரித்தான். அந்த ஜோடி வந்த அன்றைக்கு நான் மத்தியானச் சமையலை மறந்து தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் முன்னால் உட்கார்ந்திருந்ததற்குப் பிறகு இப்படி ஒன்றின் முன்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். சிரிக்காதே.

அப்பா மட்டும் தொட்டிப் பக்கமே வருவதில்லை. உனக்குத்தான் தெரியுமே, கீழே பட்டறையில் ஓடும் லேத் ஒவ்வொன்றையும் பெரியவன், சின்னவன், கோணவாயன் என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற மனுஷன். என் தொட்டி அவருக்கு வெறும் ‘அது’. அது இன்னும் ஓடுதா, அதுக்கு எத்தன யூனிட் ஆகுது, அந்த நீல லைட்டு கண்ணக் கூசுது, இவ்வளவுதான். கடலே இல்லாத ஊருல கடலை வெச்சிருக்கறா உங்கம்மா, கால் நனைக்கக்கூட ஆகாது என்று உன்னிடமே போனில் சொன்னாரே. சிரித்துக்கொண்டுதான் கேட்டேன், உள்ளே வலித்தது. எனக்கென்று நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான் கண்ணு.

இனிமேல்தான் விஷயம். ஆயுத பூஜைக்கு நம் பட்டறை வழக்கம் நீ அறிந்ததுதான். மெஷினை எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்து, மெயினை இறக்கிவிட்டால் மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் தூக்குவார். வருஷம் முழுக்க ஓடிய மெஷினுக்கு அந்த ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும், எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும் சுவிட்சில் கைவைக்க விடமாட்டார். இந்த வருஷம் மத்தியானமே பூஜை முடிந்தது. சோமனூரில் பழனியாத்தாள் பெரியம்மா வீட்டுத் தறிக்குச் சாயங்காலம் பூஜை, கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நான் மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டேன். அவள் விடவில்லை, தங்கிவிட்டு மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வீடு வந்தேன். அப்பா கீழே பட்டறையைத் திறந்துகொண்டிருந்தார்.

மாடி ஏறி வந்தால் தொட்டியில் சத்தமே இல்லை. விளக்கு இல்லை, அலை மோட்டார் இல்லை, ஃபில்டர் இல்லை, தண்ணீர் அசையாமல் நிற்கிறது. ஒரு மீன் மணலில் கிடக்கிறது, இன்னொன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, பவளம் சுருங்கிக் கிடக்கிறது. சுவிட்சுகள் வரிசையாக எல்லாம் அணைக்கப்பட்டிருந்தன. நான் எல்லாவற்றையும் போட்டேன், சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று சேராது, மீனும் கல்லில் இருக்கும் உயிரும் மூச்சு முட்டிப் போகும் என்று படித்தது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அரை மணி நேரம் ஊற்றினேன், கை ஓய்ந்துவிட்டது. யார் அணைத்தது, எதற்கு அணைத்தது என்று கோபத்தோடு நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. தொட்டி மூலையில் சந்தனம், நடுவில் குங்குமம். விளக்கின் மேல் ஒன்று. மோட்டார்மேல் ஒன்று. உப்பு வாளிக்கு ஒன்று. உப்பளக்கும் கருவிக்கு ஒன்று. டெஸ்ட் பாட்டில் வைக்கும் டப்பாவுக்குக்கூட ஒன்று, பக்கத்தில் ஒரு கிண்ணம் பொரி.

நான் கிளம்பிப் போனபிறகு தனியாக மாடி ஏறி வந்து வைத்திருக்கிறார். தன் லேத்துக்கு வைக்கும் அதே மூன்று விரல் சந்தனம். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் என் பொருள் எதற்கும் அவர் பொட்டு வைத்ததில்லை, தையல் மெஷினுக்குக்கூட நானேதான் வைத்துக்கொள்வேன். பொட்டு வைத்தபிறகு வழக்கப்படி என் மெஷினுக்கும் ஓய்வு கொடுத்திருக்கிறார். எனக்கு அழுகையாக வந்தது, செத்த மீனுக்கா அந்தச் சந்தனத்துக்கா என்று தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அப்பா மேலே வந்து, ஏனம்மணி, ஒண்ணக் காணோம் என்றார். செத்துப்போச்சுங்க என்றேன். எதனால என்றார். தெரியலைங்க என்று சொல்லிவிட்டேன். அஃப்தாபுக்குப் போன் செய்தபோது அவன், கரண்ட் போச்சுங்களா அக்கா என்று கேட்டான், ஆமாம் தம்பி என்று அவனிடமும் பொய். அன்றிலிருந்து அப்பா தினமும் காலையில் தொட்டி முன்னால் வந்து நிற்கிறார். உப்பு சரியா இருக்குதா, இன்னொண்ணு திங்குதா என்று கேட்கிறார். மூன்று மாசமாக மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனுஷன். இப்போது போய், அதைக் கொன்றது நீங்கள் வைத்த பூஜைதான் என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் இனி ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் வரமாட்டார், ஆர்டர் ஒன்று கெட்டுப்போனாலே மூன்று நாள் சாப்பிடாதவர். சொல்லாவிட்டால் அடுத்த வருஷமும் பாசமாகப் பொட்டு வைத்து அணைப்பார், மிச்சமிருப்பதும் போய்விடும். நானே தப்புச் செய்ததாகச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். நீ படித்தவன், அப்பாவின் குணமும் தெரிந்தவன். சொல்லலாமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லு. போனில் வெளிப்படையாகச் சொல்லாதே, சொல்லலாம் என்றால் தலைவலி மாத்திரை அனுப்பு என்று சொல்லு, இல்லை என்றால் மாத்திரை வேண்டாம் என்று சொல்லு, நான் புரிந்துகொள்கிறேன்.

திங்கள்

நேற்று இவ்வளவு எழுதி மடித்து அரிசி டப்பாவில் வைத்தேன். இன்றைக்குக் காலையில் கடைவீதிக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்கு வந்தால், பட்டறையில் இருந்த இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் அப்பா மாடிக்குத் தூக்கி வந்து தொட்டிக்குக் கீழே வைத்துத் தனி ஒயர் இழுத்திருக்கிறார். அந்தப் பேட்டரியை ஒற்றை ஆளாக எப்படித் தூக்கினாரோ, டாக்டர் அவரைக் குனிந்து கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். கேட்டால், கரண்ட் போனா மீனு தாங்காதாமே என்றார். ஆமாங்க என்றேன். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். கரண்ட் போனதாக நான் பொய் சொன்னது அஃப்தாபிடம் மட்டும்தான். அப்படியென்றால் அப்பா உக்கடம் போயிருக்கிறார், அவனிடம் கேட்டிருக்கிறார். அன்றைக்குக் கரண்ட் போகவில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன? எப்போது போனார், என்ன கேட்டார், எத்தனை நாளாக இதை மனசில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார், ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

அவர் இறங்கிப்போனபிறகு தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சுவிட்சுகளுக்கு மேலே பட்டறையில் ஒட்டுகிற வெள்ளை டேப்பை ஒட்டி, ஆர்டர் நம்பர் போடும் கறுப்பு மை பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். நிறுத்தக் கூடாது. ஆயுத பூஜை அன்றும்.

கண்ணு, நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். மாத்திரையும் வேண்டாம். நானும் கேட்கப்போவதில்லை, அவரும் சொல்லப்போவதில்லை.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே குளிர் என்று சாக்குச் சொல்லாதே, வெந்நீர் உண்டல்லவா. மிதுனுக்கு ஒரு வேளையாவது நம் சாப்பாடு சமைத்துப் போடு. ஆனைமலை மாசாணியம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும், வேலை நிலைக்கட்டும், மனசுக்குப் பிடித்த துணை அமையட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பாவிடம் பேசும்போது தொட்டியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேள், எத்தனை மீன் இருக்கிறது என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
அன்புக்கரசி