பழுத்த ஒயர்

என்னங்க,

வத்தக்குழம்பு மேடையில் இருக்கிறது, அப்பளம் டப்பாவில். எதிர்வீட்டு ஜெபதுரை அண்ணன் சாயந்திரம் உங்கள் புது ஸ்பீக்கர் ஒயரின் மகிமையைக் கேட்க வருகிறார். டீ நீங்களே போடுங்கள்.

ராப்பகலாகப் பாடவிட்டால்தான் ஒயர் பழுக்கும் என்று கடைக்காரன் சொன்னானாம். வாழைக்குலையாக இருந்தால் புகைபோட்டிருப்பேன். ஒரு வாரமாக அதே நாதஸ்வரக் கேசட். நீங்கள் ஆபீஸ் போனதும் திருப்பிப் போடுவது என் டூட்டி. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. லக்ஷ்மிபாய் நகருக்கு, என் சிநேகிதி லீலாவதி வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு, "பழுத்துடுச்சு, கேளு!" என்றீர்கள். எனக்கு ஒன்றும் தெரியலையே என்றதற்கு, எதிர்வீட்டு செலின் அக்கா முன்னாலேயே, "உனக்கு ஊர்வம்பு கேக்கத்தான் காது" என்றீர்கள்.

அந்தக் காதுக்காரி சொல்கிறேன். முதல் நாளே துடைப்பம் மாட்டிப் புது ஒயர் கழன்றுவிட்டது. எனக்கு அதைத் திருகி மாட்டத் தெரியாமல், பின் வைத்த பழையதையே செருகிவிட்டேன். நீங்கள் கேட்டது அதைத்தான். புதுசு பால்கனியில் உங்கள் பனியன்களைத் தாங்குகிறது. அந்தப் பக்கம் நீங்கள் எட்டிப் பார்த்தால்தானே!

இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என் வாய்க்கு அது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும்.

சாந்தா

பால் செலின் அக்கா வீட்டு ஃபிரிட்ஜில். வாங்கப் போகும்போது எனக்கும் காது உண்டு என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் வருவதற்குள் பனியன்களை எடுத்துவிட்டு ஒயரை மாற்றிவிடுங்கள், துடைத்துவிட்டு.

போனதுமே லீலாவதி, "என்னடி விசேஷம்?" என்பாள். பஸ்ஸில் வேறு ஏதாவது யோசித்துக்கொள்கிறேன்.