கடைசி ஓவர்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

யதுஷா எழுதுகிறேன். நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ஜிம்மில் பாரக் கம்பியைத் தோளில் வைத்துக் குந்தியவள், எழும்ப முடியாமல் அதைப் பின்பக்கமாக விழவிட்டேன். சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு கீறலும் இல்லை. எங்கள் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி தரும் நிரோஷினி அக்கா ஓடி வந்தார். அவர் என்னைச் சிங்களத்தில் 'நங்கி', தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"பயப்பட வேணாம் நங்கி, விட்டது சரிதான். பாரத்தைக் குறைச்சிட்டு இப்பவே திரும்பச் செய்" என்றார். அழுகையை அடக்கிக்கொண்டு செய்தேன்.

நேற்று மேட்ச். பிந்திய ஓவர்களில் என் கால் தளர்ந்து பந்து மெதுவாகிவிடும் என்பதால், என்னை எப்போதும் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். நேற்றுக் கடைசி ஓவரையே கப்டன் என்னிடம் தந்தாள். பாரத்தோடு குந்தி எழும்பிப் பழகிய கால் தளரவில்லை அம்மா! ஸ்டம்ப் பறந்தது, வென்றோம். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்தப் பாரம் தூக்கிற வேலை?" என்று கேட்ட பெரியம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இங்கே யாராவது வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். கம்பி தோளில் உறுத்துகிறது, மடித்துப் போட உங்கள் பழைய நூல் சேலை ஒன்றும் வேண்டும்.

கீழே நிரோஷினி அக்கா ஹோர்ன் அடிக்கிறார், ஓடுகிறேன். சேலையைத் தோய்க்க வேண்டாம் அம்மா. நீங்கள் உடுத்துக் களைந்தபடியே அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
யதுஷா