கேட்டில் தொங்கிய துண்டு

என் தம்பி ஷாகுலுக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை நான் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை. நீ வாய் நிறைய "அண்ணே" என்பாய். நான் "ஏம்ப்பா" என்பேன், கோபம் வந்தால் "யோவ்" என்பேன். இப்போது தம்பி என்று எழுதக் கை வருகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மனைவி சபீனா இன்று காலை குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பீரோ, கட்டில், மிக்ஸி எல்லாம் மினி லாரியில் ஏறின. உன் வண்டி ஏறவில்லை. அதை அவளே ஓட்டிக்கொண்டு போனாள், புது சைலன்சரோடு. மாட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? நான். நீ நம்பமாட்டாய், எனக்குத் தெரியும்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாலு மாசத்துக்கு மேலாகச் சோறு இறங்காமல் தொண்டையில் நிற்கிற விஷயம். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை.

என் மனைவி கமலா செத்துப்போன பிறகு எனக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. ரெண்டு வருஷமாக அப்படித்தான். விடிகிற நேரத்தில் கொஞ்சம் கண் அசரும். சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டில் உன் வண்டி கிளம்பும். ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பழைய வண்டியை வாங்கி, பின்பக்கத்தை உயர்த்தி, பல் வைத்த டயர் போட்டு, மண்ணில் ஓட்டுகிற வண்டியாக நீ மாற்றி வைத்திருந்தாய். அது உதைத்துக் கிளம்புகிற சத்தத்தில் என் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். எத்தனை நாள் நான் கேட்டில் நின்று கத்தியிருக்கிறேன்! "இது என்ன வீடா, ரேஸ் மைதானமா?" நீ ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதுவேறு எனக்கு எரிச்சலாக இருந்தது.

நம் தெருவில் ஒரு வழக்கம் உண்டே. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுக்கிறவர் வீட்டு கேட்டில் ஒரு துண்டு தொங்கும். துண்டைப் பார்த்தால் கீரைக்காரம்மா குரலை இறக்கிக்கொள்வாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடாது. நீ வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தண்ணி டாங்க் முக்கு வரைக்கும் தள்ளிக்கொண்டு போவாய். யார் எழுதி வைத்தார்களோ தெரியாது, இந்தத் தெருவில் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டோம். அந்தத் துண்டை வைத்து யாரும் பொய் சொன்னதில்லை.

நான் சொன்னேன், ஷாகுல். பகலில் போகிற ஜெனரல் ஷிஃப்டிலும் துண்டைத் தொங்க விட்டேன். லீவு நாளிலும் தொங்க விட்டேன். கடைசி ஆறேழு மாசம் அதை நான் எடுக்கவே இல்லை. பாதித் தூக்கத்தில், டயர் மண்ணை அரைத்துக்கொண்டு போகிற மெல்லிய சத்தம் கேட்கும். தள்ளட்டும் என்று புரண்டு படுப்பேன். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் நீ கேட்டருகே வந்து, "அண்ணே, வண்டிக்கு வேற சைலன்சர் ஆர்டர் போட்டிருக்கேன், வந்துடும்" என்றாய்.

"இன்னும் சத்தமாவா? வரட்டும், நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்" என்றேன்.

நீ சிரித்தாய். "வந்ததும் பாருங்கண்ணே" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். நான் கதவைச் சாத்திவிட்டேன். அன்றைக்கு நீ என்ன சொல்ல வந்தாய் என்று கேட்க அதற்கப்புறம் வாய்க்கவில்லை.

அந்த வாரமே நீ போய்விட்டாய். செகண்ட் ஷிஃப்டில், வேலை செய்கிற இடத்திலேயே நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாயாம். முப்பத்தெட்டு வயசு. மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்கப்புறம் அடக்கம். உன் சந்தூக்கைத் தூக்க நானும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன். அந்தத் தூரம் முழுக்க மனசு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது. நெஞ்சில் கோளாறு இருந்தவனையா நான் தினமும் வண்டி தள்ள வைத்தேன்?

வீட்டுக்கு வந்து பார்த்தால் கேட்டில் துண்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. தள்ள ஆளில்லாத தெருவில்.

மூன்றாம் நாள் கூரியர்காரர் வந்தார். உன் வீட்டு வாசலில் கூட்டம் என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நீளப் பெட்டியைக் கொடுத்தார். என்ன பெட்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. செத்தும் இந்த ஆள் சத்தம் அனுப்புகிறானே என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் அப்படி நினைத்ததற்காக அழுதேன். பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அடுத்த நாள் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கொடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புருஷன் போனபின் வெளியே வராமல் இத்தா இருக்கிற பெண்ணைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். நாலு மாசம் பத்து நாள் அவள் அந்த வீட்டுக்குள் இருந்தாள், நான் இந்த வீட்டுக்குள் உன் பெட்டிக்கு மேலே படுத்திருந்தேன். தெருவில் ஒரு சத்தம் இல்லை. தூக்கம் வந்திருக்கும் என்றா நினைக்கிறாய்?

இத்தா முடிந்து வெளியே வந்ததும் சபீனா நேராக என் கேட்டுக்குத்தான் வந்தாள். கையில் உன் ஃபோன்.

"அண்ணே, அவரு ஆர்டர் போட்ட பார்சலு டெலிவரி ஆயிடிச்சின்னு காட்டுது. எதிர்வூட்ல கையெழுத்து வாங்கிக்கினு குடுத்தாங்களாம்."

நான் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். அதன்மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தாள். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கவில்லை. "மாட்டிக் குடுப்பீங்களா? நீங்க ஃபிட்டர்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

"வண்டியை விக்கப் போறியாம்மா?"

"விக்கறதா? நான் ஓட்டறதுண்ணே அது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னாள். அந்த வண்டியை நீ மண்ணில் ஓட்டியதே இல்லையாம். வடக்குத்துக்கு வெளியே இருக்கிற மண்மேட்டில் ஏறி இறங்கினது அவள். நீ கீழே நின்று கைக்கடிகாரம் பார்ப்பாயாம், வந்து எஞ்சினுக்குக் காதைக் கொடுப்பாயாம். தினமும் உன் பின்னால் துணிப்பை தூக்கிக்கொண்டு நடந்தவளை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பையில் சாப்பாடு என்று நினைத்தேன். ஹெல்மெட்டாம். எதிர்வீட்டில் இருந்துகொண்டு எதைத்தான் பார்த்தேனோ.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் வாசலில் பழைய சைலன்சரைக் கழற்ற உட்கார்ந்தேன். இத்தாவுக்குத் துணையாக வந்திருந்த அவள் அம்மா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சிலிண்டர் வாயில் இருந்த ரெண்டு நட்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, தட்டித் தட்டி, மறுநாள்தான் கழன்றன. அப்புறம் உன் பெட்டியைப் பிரித்தோம்.

உள்ளே வயிறு பெருத்த குழாய் ஒன்று இருந்தது. அதன் வாலில் மாட்டுகிற நீளமான உருளை ஒன்று தனியாக இருந்தது. உருளையைக் கையில் வாங்கியதும் கனத்தது. வாய் வழியே விரலை விட்டுப் பார்த்தேன். கண்ணாடிப் பஞ்சு அடைத்திருந்தது. பிளாண்டில் குழாய்க்குச் சுற்றுகிற அதே பஞ்சு. முப்பது வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு இது எதற்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

"இது சத்தத்தைக் குறைக்கிறதாச்சே" என்றேன்.

"ஆமாண்ணே. ரேசுக்காரங்க இத வாங்க மாட்டாங்க. அவருதான் தேடித் தேடிப் போட்டாரு. வாசல்லயே ஸ்டார்ட் பண்ணாலும் எதிர்வூட்டு அண்ணன் எழுந்துக்கக் கூடாதுன்னாரு."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு கேட்டில் நின்று நீ சொல்ல வந்தது இதுதானா? நான் கதவைச் சாத்தாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா? எனக்காக நீ வாங்கின சாமானை நாலு மாசம் என் கட்டிலுக்கடியிலேயே ஒளித்து வைத்திருந்திருக்கிறேன்.

அவள் செம்பு வாஷரை எடுத்து நீட்டினாள். வேலையைத் தொடர்ந்தேன். வாய்ப்பக்கத்து நட்டுகளை முதலிலேயே முழுசாக இறுக்கினேன், பிளாண்டில் கன்வேயர் பெல்ட் வேலையில் பழகின கை. பின்பக்கத் துளை சட்டத்தோடு சேரவில்லை. கம்பியைக் கொடுத்து நெம்பப் போனேன்.

"இழுத்துப் பூட்டாதீங்கண்ணே, உடைஞ்சிடும். எல்லாத்தையும் லூசா மாட்டிக்கினு, அது தானா ஒக்காந்தப்புறம்தான் அவரு டைட் பண்ணுவாரு."

கழற்றி லூசாக மாட்டினேன். தானாகவே உட்கார்ந்தது. குழாயைப் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங்கை நைலான் கயிற்றில் இழுத்து அவளே கொக்கியில் போட்டாள். நீ தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்த கொஞ்சம் பெரிய துளையுள்ள பெட்ரோல் ஜெட்டைக் கார்புரேட்டரில் மாற்றினாள். புது சைலன்சருக்குக் கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் கொடுக்காவிட்டால் எஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிடும் என்றாள். ஓட்டிவிட்டு வந்து ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் தேங்காய் ஓட்டின் நிறம் இருக்கணுமாம். எல்லாவற்றையும் "அவரு சொல்வாரு" என்று சொல்லிச் சொல்லியே செய்தாள். ஒரு இடத்திலும் குரல் உடையவில்லை. எனக்குத்தான் உடைந்தது.

கடைசியில், "துடைக்கணும்ணே" என்றாள். எண்ணெய்க் கைரேகை இருந்தால், முதல் தடவை சூடேறும்போது அது அப்படியே இரும்பில் பதிந்துவிடுமாம். எண்ணெய் படாத துணி கேட்டாள். நான் தெருவைத் தாண்டிப் போய் என் கேட்டில் இருந்த துண்டை உருவிக்கொண்டு வந்து துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் ஹெல்மெட்டோடு வந்தாள். வாசலிலேயே உதைக்கப் போனவளை நிறுத்தினேன். "இரும்மா, நான் தள்ளிக்கிட்டு வர்றேன்" என்று ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.

நம் தெரு மேடு, ஷாகுல். தண்ணி டாங்க் பக்கம் போகப் போக ஏறுகிறது. நான் வேலைக்குப் போவதெல்லாம் மறுபக்கம் என்பதால் முப்பது வருஷத்தில் எனக்கு அது தெரியவே இல்லை. மூன்றாவது வீட்டில் மூச்சு வாங்கியது. பலா மரத்துக்கிட்டே நின்றுவிட்டேன். டாங்க் முக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது. நீ எங்கெங்கே நின்றாய்? எந்த வீட்டு நிழலில் மூச்சு விட்டாய்?

அங்கேதான் சபீனாவிடம் சொன்னேன். "அந்தத் துண்டு பொய்ம்மா. எனக்கு அப்ப நைட் ஷிஃப்டே இல்ல."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"ஏழரைக்கு சைக்கிள எடுத்துக்கினு எங்க வாசல் வழியாத்தானே வேலைக்குப் போவீங்க? அவருக்குத் தெரியாதா? அக்கா போனதுலேர்ந்து அண்ணன் வூட்ல விடியவிடிய லைட்டு எரியுது, அந்த நேரத்துலதான் தூங்கறாருன்னு சொல்வாரு. தெரிஞ்சிக்கினேதான் தள்ளினாரு."

தெருவுக்கே தெரிந்திருக்கும் போல. யாருக்கும் தெரியாது என்று நினைத்த முட்டாள் நான் ஒருவன்தான். மீதியையும் கேட்டுவிட்டேன். "இந்த மேட்டுல தள்ளித் தள்ளித்தான் அவனுக்கு நெஞ்சு..."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினாள்.

"அப்டி நெனைக்க ஆரம்பிச்சா நான் எப்டிண்ணே தூங்கறது? வண்டி என்னுதாச்சே."

அந்தக் கேள்விக்கு உன்னைத் தவிர யார் பதில் சொல்ல முடியும்? ஒரே உதையில் வண்டி கிளம்பியது. எண்ணெய்ப் புகை வந்தது. சத்தம் பாதிகூட இல்லை, ஷாகுல். நீ தேடிப் பிடித்த சாமான் நல்ல சாமான். மண்மேட்டுப் பக்கம் திரும்பி அவள் மறைந்ததுமே சத்தமும் மறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சத்தமாக இருந்திருக்கலாமே என்று நின்றுகொண்டிருந்தேன். நானா இப்படி நினைக்கிறேன், பார்.

திரும்பி வந்து ப்ளக்கைக் கழற்றிக் காட்டினாள். தேங்காய் ஓட்டு நிறம்தான். குழாயில் வாய்ப்பக்கம் ஒரு கட்டைவிரல் ரேகை நீலமாகப் பதிந்திருந்தது. எவ்வளவு துடைத்தும் என் கை ஒரு இடத்தைத் தொட்டிருக்கிறது. இனி அது போகாதாம்.

மண்ணில் ஓட்டுகிற வண்டிக்கு வாரம் ஒரு தடவை எல்லா நட்டையும் பார்த்து இறுக்கணும் என்றாள். வடக்குத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் பச்சைக் குழந்தை இருக்கிறதாம், வாசலில் ஸ்டார்ட் பண்ணக் கூச்சமாக இருக்கும் என்றாள். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் காலையில் ஸ்பேனரோடு சைக்கிளில் போய்விடுவேன். நட்டு இறுக்குவது என் வேலை. தெருமுனை வரைக்கும் தள்ளுவதும் என் வேலை. அவள் மேட்டில் ஏறும்போது கீழே நின்று கடிகாரம் பார்க்கவும் ஆள் வேண்டுமே, அதையும் பார்க்கிறேன். உன் அளவுக்குக் காது கொடுத்துக் கேட்க எனக்குத் தெரியாது, பழகிக்கொள்கிறேன். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற காலையில் மட்டும்தான் இனி என் கேட்டில் துண்டு தொங்கும், இது சத்தியம்.

நீ அத்தனை தடவை "அண்ணே" என்று கூப்பிட்டும் ஒரு தடவைகூட "என்ன தம்பி" என்று கேட்காத,
உன் எதிர்வீட்டு அண்ணன்
தணிகாசலம்