சாமி ஓட்டும் மோட்டார்

ஞாயிறு, 10 ஜூன் 1934

காலையிலேயே சுள்ளென்று வெயில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கோயில் வாசலில் ராஜமணியின் மோட்டாருக்குப் பூசை. எதிர்வீட்டு மீனாட்சியம்மாளின் ஒரே பையன், வயது இருபத்திரண்டு. வாடகைக்கு ஓட்டப் போகிறான். பழைய வண்டி; முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், நசுக்கியாயிற்று.

கிளார்க் பொன்னையா மீசைக்கு மை போட்டிருந்தார். வியர்வையில் உதடெல்லாம் கறுப்பு.

மத்தியானம் அதே வண்டியில் கிள்ளான் ஊருக்கு, சிநேகிதர் வீட்டு விருந்து. நான் இல்லாமல் விருந்தா? சலவை வேட்டி தயார்.

திங்கள், 11

மழை.

விருந்தில் பிராந்தி. ராஜமணி, "வேணாம் மாமா, திரும்ப ஓட்டணும்" என்றான். அத்தனை பேர் இருக்கும்போது என் நாக்கு சும்மா இருக்குமா?

"பழம் எதுக்குடா நசுக்குனோம்? இனிமே சாமி ஓட்டும். நீ சும்மா புடிச்சிக்கிட்டு உக்காருலா!"

கொல்லென்று சிரிப்பு. பையன் முகம் சிவந்து ஒரே மடக்கு. மறுபடி ஊற்றியது நான்தான். அதற்கும் சிரிப்பு.

திரும்பும் வழியில் சாலை வளைந்தது, வண்டி வளையவில்லை. ரப்பர் மரம். பின் சீட்டில் நான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். எனக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. அவன் வலது கால் நசுங்கிக் கிடந்தது.

புதன், 13

ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போலீஸிடம், "மாடு குறுக்க வந்திச்சு" என்றானாம். என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சுருட்டு வாங்க மறந்தேன்.

வெள்ளி, 15

மீனாட்சியம்மாள் இட்லி கொண்டுவந்தாள், எனக்கு! "அண்ணே, நீங்க கூட இருந்ததாலதான் எம் புள்ள உசிரோட இருக்கான்."

சொல்லிவிட்டேன்: "நான்தாம்மா அவனுக்கு ஊத்திக் குடுத்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்பக்கூடவா அண்ணே வெளையாட்டு?"

ஊரைச் சிரிக்கவைத்துச் சேர்த்த பெயர். நன்றாக உதவுகிறது. இட்லி தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசை. இறங்கிவிட்டது. ஆறு.

ஞாயிறு, 24

வெயில். செந்தூலில் கல்யாணச் சாப்பாடு. போக மனமில்லை, போனேன். பந்தல் மூலையில் நாலைந்து பையன்கள், கையில் கிளாஸ்.

"மாமா, அந்த எலுமிச்சம்பழக் கதைய எடுத்து வுடுங்க!"

கிள்ளானில் எழுந்த சிரிப்பு எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சொன்னேன். ரப்பர் மரம், கால், எல்லாம். பாதியிலேயே சிரிப்பு நின்றது.

"என்னா மாமா, இன்னிக்கு ருசியே இல்ல" என்று ஒருத்தன் கிளாஸைக் காலி செய்தான். அவன்தான் லோரிக்காரன். பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்பணுமாம். முகம் கழுவப் போனான்.

லோரிப் படியில் அதைச் சுற்றிக் கிளப்பும் ஹாண்டில். எடுத்து நாற்காலியில் போட்டு மேலே உட்கார்ந்துவிட்டேன்.

"ஹாண்டில பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன். எனக்கு அடியில இருக்கு."

"எந்திரிங்க மாமா, நேரமாச்சு."

"முடியாது தம்பி."

நாற்காலியோடு தூக்கினார்கள். கல்யாண வீடே சிரித்தது. சலவை வேட்டி பூராவும் எண்ணெய்க் கறை. ஹாண்டிலை மடியோடு அணைத்துக்கொண்டேன். விடவில்லை.

பெண் வீட்டார் ரயிலில் போனார்கள்.