வைரத் தெருவுக்குப் போன வண்டி

பழவேற்காடு
12.6.2005

அன்பு மகன் யாசருக்கு அம்மா கமர் நிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அத்தா மவுத்தாகி நாலு நாளாகிறது. அண்ணன் போன அன்று சின்னத்தா போன் பூத்திலிருந்து உன் செல்லுக்கு ஓயாமல் அடித்தார். அணைந்தே கிடந்தது. மய்யத்தை நீ வரும்வரை வைத்திருக்க முடியவில்லை, அடக்கிவிட்டோம். நீ போட வேண்டிய மண்ணைச் சின்னத்தா போட்டார். "பம்பாய்ல எவளோடயோ இருந்துக்குனு அத்தாவ மறந்துட்டான்" என்று வாசலில் நின்று பேசுகிறார். அடக்கிய மறுநாள் நீ போனில் அழுதாய். எங்கே இருந்தாய் என்றால் வாயே திறக்கவில்லை. எனக்காவது சொல், ராஜா.

அம்மா

மும்பை
20.6.2005

அம்மாவுக்கு ஸலாம்.

போனில் சொல்லக்கூடாது, அதனால் எழுதுகிறேன். வெளிநாட்டு வியாபாரிகளை ஏர்போர்ட்டிலிருந்து வைரத் தெருவுக்குக் காரோட்டிக் கூட்டிப்போகிற வேலை எனக்கு. அவர்கள் திரும்ப விமானம் ஏறும்வரை எங்கள் செல்லை ஆபீசில் பூட்டிவைப்பார்கள். எந்த வழி என்பதைக் கிளம்பும்போதுதான் சொல்வார்கள். வெளியே தெரிந்தால் வேலை போகும்.

அத்தா போன அன்று பின்சீட்டுக்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். கல்லுப்பு மாதிரி வைரம். வண்டிக்குள் வெளிச்சம் தெறித்தது. அந்தத் தெருவில் கைகொடுத்து ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரம் முடிந்தது, பத்திரமே கிடையாது.

சின்னத்தாவிடம் சொல்வதானால் சொல்லிவிடு. வேலை போனால் மீஞ்சூரில் ஆட்டோ ஓட்டிக்கொள்கிறேன்.

யாசர்

பழவேற்காடு
3.7.2005

என் கண்ணே யாசர்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். உப்புக்கல் அளவுக்கு ஒரு கல், அதற்கு இத்தனை காவலா! வாய்வார்த்தையை நம்பி வைரத்தைக் கொடுப்பார்களா! அத்தா இறால் விற்றதற்கே ஆளிடம் பத்து சத்தியம் வாங்குவாரே. கேட்டிருந்தால் வாயைப் பிளந்திருப்பார். சொல்லலாமென்று அவர் படுக்கிற பக்கம் திரும்பினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது.

நேற்று சின்னத்தா வந்தார். இத்தா இருக்கிற நாலு மாசம் பத்து நாளும் நான் அந்நிய ஆண் முன் வரக்கூடாது என்பதால் திரைக்கு அந்தப்பக்கம் நின்றார்.

"நாப்பதாம் நாளு பாத்தியா ஓதறதுக்கு உங்க புள்ள இன்னாத்துக்கு வரணும் அண்ணி? மண்ணு போடாதவன் எந்த மூஞ்சிய வச்சிக்குனு சபையில உக்காருவான்?"

நாக்கு நுனிவரை வைரம் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

"அவன் மேல தப்பில்ல தம்பி. அவன் நம்பர் மாத்திட்டான். புது நம்பர நான்தான் உங்ககிட்ட குடுக்கல. அழுதுக்குனு கெடந்ததுல மறந்துபூட்டேன்."

"நீங்களா அண்ணி?" என்றார். செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனது கேட்டது.

இனி ஊர் என்னைத்தான் பேசும். பேசட்டும், இத்தா முடியும்வரை நான் வெளியே போகப் போவதில்லை.

நாப்பதுக்கு வா. முன்வரிசையில் உட்கார். வருவதற்குள் மறக்காமல் ஒரு புது நம்பர் வாங்கிவிடு.

அம்மா