அச்சில் வந்தது அவர் பெயர்

2006 பெப்ரவரி 9, வியாழன்

ஸ்கொட்லாந்திலிருந்து மொன்றியலுக்கு வந்து பத்திரிகை நடத்திய ஒருவரைப் பற்றித்தான் என் ஆய்வு. அவர் நோயில் கிடந்த வருடம் முழுக்கத் தலையங்கங்களை எழுதியது அவருடைய மனைவி. இன்று காப்பகத்தில் அவளுடைய கையெழுத்துப் படிகளையே பார்த்துவிட்டேன். அச்சில் வந்தது அவர் பெயர்.

"அடிக்குறிப்பில் போட்டால் போதும்" என்றார் பேராசிரியர். முடியாது என்றேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். எங்கள் தமிழ் வாரப் பத்திரிகையின் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"குடும்பத்துக்குள்ள ஆர் எழுதினால் என்னப்பா?" என்றார்.

இந்த வாரத் தலையங்கமும் வழக்கம்போல நான் எழுதியதுதான்.

"ஓம், ஆர் எழுதினால் என்ன" என்று நானும் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் அதன் கீழே இருந்த அவர் பெயரை அழித்து என் பெயரை அடித்தேன். அவர் பேனா நின்றது. பக்கத்தை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.